பதில் போன வழி

நசுங்கிய கார் கதவின் படத்தைக் காட்டினால் போதும். அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, மோதியது வண்டியா கம்பமா, சொந்தக்காரர் சொல்லும் கதையில் எவ்வளவு கலப்படம் என்பதையெல்லாம் டிங்கர் சொல்லிவிடுவார். பட்டறையில் சுத்தியலும் கையுமாகப் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். நசுங்கிய தகட்டைத் தட்டி நேராக்கும் வேலையின் பெயரே அவருக்கும் பெயராகிவிட்டது. தபால்காரர்கூட "டிங்கர் வீடு இதுதானே?" என்றுதான் கேட்பார்.

முட்டி தேய்ந்த பிறகு வண்டிக்கு அடியில் படுத்து நுழைய முடியவில்லை. ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை. விபத்தான வண்டிகளின் படங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். எதைத் தட்டிச் சரிசெய்யலாம், எதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று குறித்து அனுப்ப வேண்டும். "அப்ப சுத்தியலால அடிச்சேன், இப்ப விரலால அடிக்கிறேன்" என்பார், விசாரிப்பவர்களிடம்.

கூடத்தில், சமையலறை வாசலை ஒட்டி அவருடைய மேஜை. மேஜைமேல் பழைய கம்ப்யூட்டர். அதற்கு மேலே, சுவர் அலமாரியில், தீப்பெட்டி அளவில் ஒரு மைக். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில், ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில், ஒரு சின்ன அம்பர் விளக்கு. கழித்துப்போட்ட காரின் டாஷ்போர்டிலிருந்து அவரே கழற்றி வைத்தது. புது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த விளக்கு எரியவில்லை. சம்பளம் வந்தது, முட்டிவலி குறைந்தது, விளக்கு மட்டும் எரியவில்லை. வேலைக்கு நடுவே அவர் கண் அடிக்கடி அங்கே போய் வரும்.

அந்த விளக்கின் கதையைச் சொல்ல, அவர் மனைவியிடமிருந்து தொடங்க வேண்டும்.

அவள் பல் செய்பவள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, யாரென்றே தெரியாத ஒருவருடைய வாய்க்குப் பொருந்துகிற மாதிரி செராமிக்கில் பல்லைக் கட்டிக் கொடுப்பாள். அசல் பல்லில் இருக்கும் மங்கலான மஞ்சளையும் மெல்லிய கீறலையும்கூடக் கொண்டுவந்துவிடுவாள். இந்தக் கைக்காகவே ஒரு வெளிநாட்டு லேப் அவளை இரண்டு வருட ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டது. அங்கே ஒவ்வொருவர் மேஜையிலும் அரைக்கும் மிஷின் ஓடும். அந்த இரைச்சலுக்காக எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். ஒருத்தி பாட்டு கேட்பாள், இன்னொருத்தர் கிரிக்கெட் கேட்பார்.

"எனக்கு வீட்டைக் கேக்கணும்" என்றாள் அவள், கிளம்புவதற்கு முன்னால்.

"வீட்டையா? வீடு என்ன பாடவா போகுது?"

"பாட வேண்டாம். சும்மா இருந்தா போதும். நீங்க குழாயைத் திறக்கிறது, அப்பா உங்ககிட்ட கத்துறது, மாடி வீட்டுக்காரங்க நாற்காலியை இழுக்கிறது. அதெல்லாம் ஓடிக்கிட்டே இருந்தா எனக்குக் கை நிதானமா இருக்கும்."

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் வழி செய்தார். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மென்பொருளைப் போட்டு, மைக்கைச் சொருகி, அவள் அங்கே தன் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் இங்கே வீட்டுச் சத்தம் கேட்கும்படி ஏற்பாடு. வீட்டில் அதற்குக் 'காது' என்று பெயர் வந்துவிட்டது.

காதுக்கு அவள் இரண்டு சட்டம் போட்டாள். ஒன்று, காதைப் பார்த்து யாரும் பேசக் கூடாது. "நான் கேக்கிறேன்னு தெரிஞ்சா நீங்க நடிப்பீங்க. அப்பா அரசியல் பேச ஆரம்பிச்சிடுவார். எப்ப கேக்கிறேன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்." இரண்டாவது, "எப்பவாவது தொல்லையா இருந்தா சொல்லாம நிறுத்திடுங்க. ஏன்னு கேக்கவே மாட்டேன்."

இரண்டுக்கும் தலையாட்டினார் டிங்கர். அவள் போன அடுத்த வாரமே கடைக்காரரைக் கூப்பிட்டு விளக்கை மாட்டிவிட்டார். அங்கே அவள் கேட்கத் தொடங்கினால் இங்கே விளக்கு எரியும். நிறுத்தினால் அணையும்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தெரிஞ்சா உங்களுக்கும் எனக்கும் சேர்த்துப் பல் கட்ட வேண்டியிருக்கும். அவளே கட்டித் தருவா, அது வேற."

பட்டறை வேலையை விட்டு அவர் வீட்டில் இருந்த நாட்கள் அவை. காலை வெயில் சமையலறை ஜன்னலைத் தாண்டிக் கூடத்துக்கு வரும் நேரத்தில் விளக்கு எரியும். அங்கே அவள் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். டிங்கர் ஒன்றும் பேச மாட்டார். சட்டத்தை மீறவில்லை. ஆனால் எழுந்துபோய் ஒரு பாத்திரத்தை எடுத்து வைப்பார், கொஞ்சம் சத்தமாக. குழாயைத் திறந்து மூடுவார். பூனை நடையில் நடந்து பழகிய மனிதர், செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பார். மாமனாரைச் சீண்டிவிடுவதும் உண்டு.

மாமனார் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விட்டவர். கூட்டத்துக்கு நடுவே கத்திக் கத்தித் தொண்டை கணீரென்று ஆகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது. மகள் வெளிநாடு போனதும், மருமகனுக்குத் துணையாக என்று பெட்டியோடு வந்து இறங்கினார். யார் யாருக்குத் துணை என்பதில் இருவருக்கும் இன்னும் தீர்ப்பாகவில்லை.

"மாமா, பேப்பர்ல என்ன விசேஷம்?" என்று டிங்கர் கேட்டால் போதும், பக்கம் பக்கமாக ஏலம் நடக்கும். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். மத்தியானம் மாமனார் தூங்கப் போன பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். அப்போதும் எரியும். அதுதான் டிங்கருக்கு ஆச்சரியம். ஒன்றுமே இல்லாத சத்தத்தை அங்கே ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போனில் இருவருக்கும் இவ்வளவு வராது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." பிறகு மாமனார் போனைப் பிடுங்கிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். ஒரே அறையில் ஆளுக்கொரு வேலையாக, பேசாமல் இருந்தே பழகிய ஜோடி. அந்த ஒரே அறைதான் இப்போது இரண்டு நாட்டில் இருந்தது. நடுவில் ஒரு அம்பர் விளக்கு.

காப்பீட்டு வேலை வந்தபோது நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது. வண்டிச் சொந்தக்காரர்களின் விவரங்கள் வெளியே கசியக் கூடாது. அதனால் கம்ப்யூட்டர் எழும்போதே நிறுவனத்தின் வி.பி.என். தானாக எழுந்துகொள்ள வேண்டும். வி.பி.என். என்பது வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஆபீசுக்கும் நடுவே பூட்டுப் போட்ட ஒரு சுரங்கம் என்று அறிவிப்பில் எழுதியிருந்தார்கள். டிங்கர் அதில் சொன்ன கட்டளைகளை எழுத்துக்கூட்டி அடித்தார். படங்கள் வந்தன. மெயில் போனது. செய்தி பார்க்க முடிந்தது. எல்லாம் சரி.

மறுநாள் வெயில் கூடத்துக்கு வந்தது. விளக்கு எரியவில்லை.

லீவாக இருக்கும் என்று விட்டார். அடுத்த நாளும் இல்லை. அந்த வாரமே இல்லை. கடைக்காரரிடம் ஓடினார்.

"உங்க போன்ல காதைத் திறந்து பாருங்கண்ணே. வீட்டு வைஃபைல இருந்தே பாருங்க. கேட்டுச்சுன்னா காதுல கோளாறு இல்ல."

டிங்கர் வீட்டுக்கு வந்து, போனில் கம்ப்யூட்டரின் முகவரியைப் போட்டு அழுத்தினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. போனில் மின்விசிறிச் சத்தமும், மாமனாரின் குறட்டையும், தன்னுடைய மூச்சும் கேட்டன. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். டிங்கர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

காது நன்றாகத்தான் இருக்கிறது. அவள்தான் கேட்பதில்லை.

கேட்டுவிடலாம்தான். 'ஏம்மா இப்பெல்லாம் வீட்டைக் கேக்கிறதில்ல?' என்று போனில் ஒரு வார்த்தை. ஆனால் கேட்டால், 'நான் கேட்காதது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வி வரும். விளக்கு வெளியே வரும். இத்தனை நாள் தன்னை வேவு பார்த்ததாக நினைத்தால்? தவிர, ஒரே பாட்டு அலுத்துப்போகிற மாதிரி வீடும் அலுத்துப்போயிருந்தால், அதை வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா?

ஆகவே அவர் பேசாமல் இருந்தார். போனில் அவள் குரலும் சுருங்கிக்கொண்டே வந்தது. "சாப்பிட்டேன்" என்பாள். "நீங்க?" என்று கேட்க ஒரு மூச்சு அதிகம் எடுப்பாள்.

ஒருநாள், வானிலை சொல்வது போல, சொன்னாள். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?"

டிங்கர் விளக்கைப் பார்த்தார். அது கறுப்பாக இருந்தது.

"உன் இஷ்டம்" என்றார்.

"என் இஷ்டமா?"

"ஆமா. நல்ல வேலை. நான் என்ன சொல்ல?"

அந்தப் பக்கம் தெருவில் ஒரு வண்டி கடந்து போனது. "சரி" என்றாள். "வர்ற வெள்ளிக்கிழமை கையெழுத்துக் கேட்டிருக்காங்க. வேலை முடியும்போது."

வெள்ளிக்கிழமை வந்தது. டிங்கர் காலையிலிருந்து ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் அமுங்கிய வெள்ளைக் கார். பட்டறைப் பிள்ளைகள்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய அடி. அவருக்கு ஓடவில்லை. லேபில் வேலை நேரத்தில் போன் எல்லாம் வாசலில் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். வேலை முடிந்து, கையெழுத்தும் போட்ட பிறகுதான் அவள் கைக்கு வரும், அதுவரை கூப்பிட வழியில்லை.

"மாப்ள, மூஞ்சி ஏன் பின் பம்பர் மாதிரி இருக்கு?" என்று மாமனார் கேட்டுவிட்டுப் பேப்பருக்குள் போனார்.

அப்போதுதான் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. நெட்வொர்க் பிரிவு. ஒரு பெண், குரலில் விறைப்பு.

"சார், உங்க மிஷின் வெளிநாட்டுல யாருக்கோ பதில் அனுப்பிட்டே இருக்கு."

"என் மிஷினா? அது எனக்கே ஒழுங்கா பதில் சொல்றதில்ல மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்ல சார். எங்க வாசல்ல பதிவாகுது. உங்களை நிறுத்தி வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கலாம்னு கூப்பிட்டேன்."

"எந்த நாட்டுக்கு மேடம்?"

மேடம் சொன்னது, மனைவி வேலை பார்க்கும் நாட்டின் பெயர். டிங்கரின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது.

"பதில்னா... யாராவது கேட்டாத்தானே பதில்?"

"அதேதான். அங்கேருந்து யாரோ உங்க வீட்டு முகவரியைத் தட்டுறாங்க. உங்க மிஷின் 'இருக்கேன், வா'ன்னு சொல்லுது. ஆனா அந்தப் பதில் நேரா அங்க போகாம எங்க சுரங்கத்துக்குள்ள வந்து விழுது. அனுப்பினவர் இடத்துல உங்க வீட்டு முகவரி இருக்கு. எங்க வாசல்ல அந்த முகவரிக்கு அனுமதி இல்ல. தூக்கிக் குப்பையில போட்டுடுவோம்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க சேர்ந்த நாள்லேர்ந்தே. வேலை நாள் எல்லாம் வருது. வைரஸ் புகுந்த மிஷின்தான் இப்படி வெளி ஆளுக்குப் பதில் சொல்லும். அதான்..."

"வைரஸ் இல்ல மேடம்" என்றார் டிங்கர். "என் சம்சாரம்."

"யாரு சார்?"

டிங்கர் எல்லாவற்றையும் சொன்னார். காதையும், இரண்டு சட்டங்களையும், விளக்கையும். யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத ஒருவரிடம், அதுவும் தன்னை நிறுத்தி வைக்கப்போகும் ஒருவரிடம், மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். நெட்வொர்க் மேடம் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "போன்ல சோதிச்சப்ப விளக்கு எரிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அங்கதான் ஏமாந்துட்டீங்க" என்றார். விறைப்பு கழன்றிருந்தது. "கருப்புத் திரையைத் திறங்க. நான் சொல்றதை அடிங்க."

சின்னக் கட்டளை. திரையில் சில வரிகள் வந்தன.

"இது உங்க மிஷினோட வழிப்பலகை. எந்த முகவரிக்கு எந்த வாசல்னு எழுதியிருக்கும். கடைசில உங்க வீட்டு வைஃபைக்குன்னு ஒரு வரி இருக்கா? வீட்டுக்குள்ள இருக்கிற போனுக்கெல்லாம் அந்த வரி. அதனால உங்க சோதனை பாஸாயிடுச்சு. வீட்டுக்குள்ள தட்டினா வீட்டுக்குள்ளேயே பதில் போயிடும். இப்ப மேல பாருங்க."

"டீஃபால்ட்னு ரெண்டு வரி இருக்கு."

"பலகையில பேர் இல்லாத எல்லா முகவரிக்கும் அந்த வரிதான். ரெண்டு இருந்தா, எந்த வரியோட கடைசி எண் சின்னதா இருக்கோ அதுதான் ஜெயிக்கும். எது சின்னது?"

"முதல் வரி. டன்னுன்னு போட்டிருக்கு."

"அது நாங்க. எங்க சுரங்கம். ரெண்டாவது உங்க வீட்டு ரவுட்டர். பழைய வழி."

"அழியலையா?"

"அழியல சார். அங்கேயேதான் இருக்கு. அதை யாரும் கேக்கிறதில்ல, அவ்வளவுதான்."

டிங்கர் அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா அவ தட்டுறது உள்ள வருதே மேடம்?"

"வரும். வெளியிலேர்ந்து வர்றவங்களை உங்க ரவுட்டர் கூட்டிட்டு வந்து விட்டுடும். அதுக்கும் இந்தப் பலகைக்கும் சம்பந்தம் இல்ல. பதில் சொல்லும்போதுதான் மிஷின் பலகையைப் பாக்கும். யாருக்குப் போகணும்னு மட்டும் பாக்கும். எந்த வாசல் வழியா வந்தாங்கன்னு அதுக்கு ஞாபகம் இருக்காது. டீஃபால்ட் எங்களைக் காட்டுதா, எங்ககிட்ட அனுப்பிடும்."

"அங்க அவளுக்கு என்ன தெரியும்?"

"வட்டம் சுத்தும். சுத்திட்டு, முடியலன்னு வரும்."

காதை நான்தான் நிறுத்திவிட்டேன் என்று நினைத்திருப்பாள். ஏன் என்று கேட்க மாட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

"இப்பவும் தட்டுறாளா?"

"பாத்துடலாம்." மேடம் இன்னும் இரண்டு கட்டளை கொடுத்தார். இடப்பக்கத்தில் ஒரு ஜன்னல், வீட்டு வாசலைப் பார்த்தது. வலப்பக்கத்தில் ஒன்று, சுரங்க வாசலைப் பார்த்தது. இரண்டும் காலியாக இருந்தன. மாடி வீட்டில் நாற்காலி இழுபட்டது. மாமனார் பக்கம் புரட்டினார்.

இடப்பக்கம் ஒரு வரி விழுந்தது. உடனே வலப்பக்கம் ஒரு வரி. மறுபடி இடம், மறுபடி வலம். இடைவெளி கூடிக்கொண்டே போய், அடங்கியது.

"தட்டல் இடப்பக்கம். பதில் வலப்பக்கம்" என்றார் மேடம். "ரெண்டும் ஒரே ஜன்னல்ல வந்திருக்கணும். இந்த இடைவெளி விட்டு விட்டுத் தட்டுறது மிஷின் தானா செய்யிறது. பதில் வரலைன்னா அது கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் பொறுத்துன்னு முயற்சி பண்ணிப் பாக்கும்."

திரை சும்மா இருந்தது. பிறகு இடப்பக்கம் மறுபடி ஒரு வரி, புதிதாக.

"இது?" என்றார் டிங்கர்.

"இது மிஷின் இல்ல சார். யாரோ திரும்பவும் பட்டனை அழுத்தியிருக்காங்க."

அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று படத்தைப் பார்த்தே சொல்லும் மனிதர், தன் வீட்டுக் கதவில் இத்தனை நாள் விழுந்த தட்டலைக் கவனிக்காமல் இருந்திருக்கிறார். மூக்கை உறிஞ்சினார். "சளி" என்றார், கேட்காமலேயே.

"மேடம், அவ இன்னிக்குக் கையெழுத்துப் போடப் போறா. வேலை முடியிற நேரம் நெருங்குது. எப்படியாவது..."

"எங்க ரூல்படி எல்லாமே சுரங்கம் வழியாத்தான் போகணும் சார். ஆபீஸ் வேலை நடக்கிற இடத்துல மைக் வேற இருக்கு."

"நான் வேலை பாக்கும்போது வாயே திறக்க மாட்டேன். மாமனார்தான் பேசுவார். அவருக்குத் தெரிஞ்ச ரகசியமெல்லாம் வெங்காய விலைதான்."

இந்த முறை மேடம் சிரித்தார். "என் மேலதிகாரிகிட்ட கேக்கிறேன். லைன்லேயே இருங்க."

இருந்தார். போனில் ஏதோ இசை ஓடியது. இடப்பக்க ஜன்னலில் இன்னொரு தட்டல். வலப்பக்கம் இன்னொரு பதில், குப்பைக்கு. 'இருக்கேன், வா. இருக்கேன், வா' என்று தன் மிஷின் தவறான வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பதை அவர் கண்ணால் பார்த்தார். பிறகு தட்டல் வருவது நின்றது. அதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இசை நின்றது. "ஒத்துக்கிட்டார் சார். ஒரே நிபந்தனை. காதுக்கு மட்டும்தான், வேற எதுக்கும் இல்ல. அடிங்க."

வழிப்பலகையைத் தொடவில்லை. பக்கத்தில் இரண்டாவதாக ஒரு குட்டிப் பலகை வைத்தார்கள். அதன் டீஃபால்ட், வீட்டு ரவுட்டர். பிறகு ஒரு விதி: காதிலிருந்து வீட்டு முகவரியைப் போட்டுக்கொண்டு புறப்படும் பதில்கள் மட்டும் பெரிய பலகையைப் பார்க்க வேண்டாம், குட்டிப் பலகையைப் பார்க்கட்டும். மற்ற எல்லாம் பழையபடி சுரங்கத்துக்குள். டிங்கர் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை சரிபார்த்து அடித்தார்.

"எரியுதா சார்?"

"இல்ல."

"தட்டினாத்தான் எரியும். பொறுங்க."

பொறுத்தார்கள். அவள் இந்நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டிருக்கலாம். கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை அழுத்திப் பார்க்கிறவளா அவள்? அச்சு சரியாக வரவில்லை என்றால் நான்கு முறை திரும்பச் செய்கிறவள். ஆனால் இது பல் இல்லையே.

இடப்பக்கம் ஒரு வரி விழுந்தது. அதற்குக் கீழேயே, அதே இடப்பக்கத்தில், பதில். வலப்பக்கம் சும்மா இருந்தது.

அம்பர் விளக்கு எரிந்தது.

"மேடம்" என்றார் டிங்கர். "எரியுது."

"புரியுது சார். நான் வெச்சிடறேன். அந்த வெள்ளைக் கார் ரிப்போர்ட்டை மட்டும் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

டிங்கர் எழுந்தார். பழக்கதோஷம், கால் நேராகச் சமையலறைக்குப் போனது. பாத்திரத்தை எடுத்தார், சத்தமாக. பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். குழாயைத் திறந்து மூடினார். செருப்பைத் தேய்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இனிமேல் என்ன செய்வது? காதைப் பார்த்துப் பேசக் கூடாது. சட்டம் சட்டம்தான்.

மாமனாருக்கு முன்னால் போய் நின்றார்.

"மாமா. அவ வந்துட்டா நல்லா இருக்கும்."

"ஆங்?"

"அவ வந்துட்டா நல்லா இருக்கும்னேன்."

"எவ?"

"உங்க பொண்ணு."

"பொண்ணுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கா. போன வாரம் பேசினேனே."

"அதில்ல மாமா, அவ திரும்பி வந்துடணும்னு சொல்றேன்!"

மாமனார் பேப்பரை மடித்தார். அவர் கண் ஒருமுறை அம்பர் விளக்கின் பக்கம் போய் வந்தது. "வாய்க்குள்ளேயே பேசினா எனக்கு எப்படிக் கேக்கும் மாப்ள? மார்க்கெட்ல நின்னு கேக்கிற மாதிரி கேளுங்க."

டிங்கர் மூச்சை இழுத்தார். வாழ்க்கையில் அவர் இப்படிக் கத்தியதில்லை. பட்டறையில் சுத்தியல் கத்தும், அவர் கத்த மாட்டார்.

"எனக்கு அவ வேணும் மாமா! இன்னும் ரெண்டு வருஷமெல்லாம் என்னால முடியாது! அன்னிக்கு உன் இஷ்டம்னு சொன்னது பொய்! காதை நான் நிறுத்தல, அது பாட்டுக்குப் பதில் சொல்லிட்டேதான் இருந்துது, வழி மாறிப் போயிடுச்சு! அவ கேக்கலைன்னா இந்த வீட்டுல சத்தமே இல்ல!"

மாடி வீட்டு நாற்காலிச் சத்தம் நின்றுபோனது.

"ஒரு தரம்" என்றார் மாமனார், நிதானமாக.

"அவ வேணும்!"

"ரெண்டு தரம்."

"வரச் சொல்லுங்க மாமா!"

"மூணு தரம். முடிஞ்சுது." மாமனார் தொடையில் ஒரு தட்டு தட்டினார். "இனிமே பேச்சு மாத்தக் கூடாது. ஏன் மாப்ள இதைப் போய் என்கிட்ட கத்துறீங்க? சொல்ல வேண்டியவகிட்ட சொல்லுங்க."

டிங்கரின் போன் அடித்தது. தெரியாத எண். வெளிநாட்டு எண்.

"ஏங்க" என்றாள். மூச்சு வாங்கியது, ஏதோ ஒரு ஆபீஸ் அறையின் போனைக் கேட்டு வாங்கியிருக்கிறாள் போல. பின்னால் யாரோ அந்த நாட்டு மொழியில் ஏதோ சொன்னார்கள். இவள் இருங்கள் என்பதுபோல ஒரு சொல் சொன்னாள்.

"சொல்லும்மா."

"பால் பொங்குது. முதல்ல அடுப்பை அணைங்க."

டிங்கர் திரும்பிப் பார்த்தார். சமையலறையிலிருந்து புஸ்ஸென்ற சத்தமும் தீய்ந்த வாடையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இத்தனை கத்தலுக்கு நடுவே அது அவர் காதில் விழவே இல்லை.

"கையெழுத்து...?"

"பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டேன். அப்பாகிட்ட கத்தாதீங்க, பாவம். மீதியை நான் வந்து பேசிக்கிறேன். நான் கேக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்கிறதையும் சேர்த்து." ஒரு கணம் நின்று, மறுபடி சொன்னாள். "அடுப்பு."

முட்டியை மறந்து ஓடினார். பால் முழுக்க மேடையில் வழிந்து கறுத்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தார். பாத்திரத்தை இறக்கினார். துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். துடைக்கிற வேலையில் சத்தம் வராதுதான், ஆனாலும் துணியை ஒருமுறை தண்ணீரில் பலமாக அலசிப் பிழிந்தார். கூடத்தில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.